பெயர் வெட்டிய பாத்திரங்கள்

உங்கள் வீட்டில் பழைய பித்தளைத் தவலையோ குடமோ இருந்தால், அதை வெளிச்சத்தில் சற்றே திருப்பிப் பாருங்கள். கழுத்துக்குக் கீழேயோ விளிம்பை ஒட்டியோ, புள்ளி புள்ளியாக இரண்டு மூன்று எழுத்துக்கள் தெரியும். சிறு உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டியவை அவை. கல்யாணத்தின்போது தகப்பனார் கொடுத்த சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரோ, அவள் வீட்டுத் தலைப்பெழுத்தோ இப்படி ஏறிவிடுவது வழக்கம்.

அந்தக் காலத்தில் வீட்டு முகப்பில் பொறித்த பெயர் ஆண்பிள்ளையுடையதாக இருக்கும். நிலப் பத்திரத்திலும் அவர் பெயர். கடைப் பலகையிலும் அவர் பெயர். அந்த வீட்டு அம்மாளின் பெயர் அழியாமல் எழுதப்பட்ட இடம் எது என்று தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் அடுப்படியில்தான் போய் நிற்போம். அரிசி கழுவும் குண்டானில் இருக்கும். குழந்தைக்குப் பால் புகட்டிய சங்கில் இருக்கும்.

அப்படிப் பெயர் வெட்டிய பாத்திரம் ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. எங்கே போகிறது? எடைக்குப் போட்டால் உலையில் உருகிப் போகும். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் காரைக்குடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முனீஸ்வரன் கோயில் தெரு

சென்னையில் இரவு ரயில் ஏறினால் பொழுது விடிவதற்குள் காரைக்குடியில் இறங்கிவிடலாம். செட்டிநாட்டின் பெரிய ஊர் இதுதான். இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவிலும் அதைச் சுற்றியும் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சினிமாவுக்கு அரங்கம் போடுகிறவர்கள், ஹோட்டல் கட்டுகிறவர்கள், புது வீட்டுக்குப் பழைய கதவு தேடுகிறவர்கள் எல்லாரும் வந்து போகும் தெரு.

என்னுடன் என் நாத்தனாரும் வந்திருந்தார். கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே, "அவ்வளவு எல்லாம் முடியாது" என்று ஆரம்பிக்கத் தெரிந்தவர். இப்படிப்பட்ட துணை ஒருவர் இல்லாமல் பழம்பொருள் கடைக்குப் போவது உசிதமல்ல.

நாங்கள் நுழைந்த கடை, உண்மையில் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முன்பாதி. தெருத் திண்ணையில் உரல்களும் ஜாடிகளும் உட்கார்ந்திருந்தன. முகப்பைக் கடந்தால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாகச் சிறு சிறு அறைகள். சுவரில் கையை வைத்தால் சலவைக்கல்லைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பல தடவை பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவது இந்தச் சீமையின் பழைய முறை. அதற்கு மேல் வெள்ளையடிக்க வேண்டியதே இல்லை.

தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, வார்த்து எடுக்கிறார்கள். சூளையில் வைத்துச் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் உலர்த்துவதோடு சரி. நடக்க நடக்கத்தான் அதற்கு மினுமினுப்பு ஏறும். பலரும் நடந்த இந்த வளவுத் தரை எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தது.

முற்றத்து ஓரத்தில் தேக்குத் தூண்கள் சில கிடத்தப்பட்டிருந்தன. என் நாத்தனார் நின்றுகொண்டிருந்த தூண் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் விலைக்குத்தானா?" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா. நிக்கிற தூண் விலைக்கில்லை. படுத்திருக்கிற தூண்தான் விலைக்கு" என்றார் கடைக்காரர்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் படுத்திருந்த ஒவ்வொரு தூணும் எங்கேயோ ஒரு வளவில் நின்ற தூண் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இவ்வளவு பாத்திரம் எதற்கு?

வளவு அறைகளைத் திறந்து காட்டினார். ஓர் அறை முழுவதும் பித்தளை. ஓர் அறை முழுவதும் வெண்கலம். இன்னோர் அறையில் வர்ணத் தட்டுக்களும் தூக்குகளும். ஒரே மாதிரி குண்டான் சிறிதும் பெரிதுமாகப் பத்து, பதினைந்து. "ஒரு குடும்பத்துக்கு இத்தனை பாத்திரம் எதற்கு?" என்று பட்டணத்து மேல்மாடிக் குடித்தனத்தில் இருக்கும் நமக்குத் தோன்றுவது நியாயம்தான்.

நகரத்தார் வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணமானால் அவனையும் அவன் மனைவியையும் 'வேறு வைத்து' விடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவது என்று எண்ணிவிடாதீர்கள். வீடு ஒன்று, வளவு ஒன்று, பண்டிகையும் படைப்பும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. மாமியார் ஓர் அடுப்பு, மருமகள் ஓர் அடுப்பு. அந்தக் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கட்டுவதும் புள்ளிக் கணக்கில்தான்.

ஆகவே கல்யாணப் பெண் ஒரு முழுக் குடித்தனத்தையே கையோடு கொண்டுவந்தாக வேண்டியிருந்தது. உப்பு வைக்கிற மரவையிலிருந்து ஊருக்குச் சமைக்கிற அண்டா வரைக்கும் சீரில் வரும். அதையெல்லாம் வளவில் வரிசையாகப் பரப்பி வைத்து, உறவினர்கள் வந்து பார்ப்பார்கள். 'சாமான் பரப்புவது' என்றே அதற்குப் பெயர். ஒரே கூரையின் கீழ் நான்கைந்து அடுப்பு எரியும்போது குண்டானுக்குக் குண்டான் அடையாளம் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் பெயர் வெட்டினார்கள். அது அவள் சொத்து. அவள் சம்மதமின்றி அடுத்த அடுப்புக்குப் போகாது.

ஆண்கள் வட்டிக்கடை வைக்கக் கடல் கடந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று போனவர்கள் ஒரு தவணைக்கு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த மூன்று ஆண்டும் வளவு பெண்கள் கையில். நெல் அளப்பதும் கூலி கொடுப்பதும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பதும் அவர்கள்தான்.

இந்தச் செல்வத்தின் பெரும் பங்கு பர்மாவில் விளைந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெல் விலை விழுந்து, குடியானவர்கள் கடனைத் திருப்ப முடியாமற்போகவே, ஈடு வைத்த நிலம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 பங்காகிவிட்டது. நிலத்தை இழந்த பர்மியக் குடும்பங்களின் துயரமும் இந்தக் கதையில் ஒரு பகுதி. 1942-இல் ஜப்பான் படைகள் புகுந்தன. யுத்தத்துக்குப் பிறகு சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் மிச்சமிருந்த கடைகளும் போயின. கடல் கடந்து வந்த வருமானம் நின்றது. அந்த வருமானத்தை நம்பிக் கட்டிய வீடுகள் மட்டும் நின்றன.

மங்கும் அரக்கும்

அறை அறையாகப் பார்த்தோம். இந்தப் பக்கத்தில் எனாமல் பாத்திரத்தை 'மங்கு' என்கிறார்கள். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கி ஒட்டவைத்த சாமான். நீலமும் பச்சையும் ரோஜா நிறமுமாக, அடுக்குத் தூக்குகளும் மூடி போட்ட பாத்திரங்களும் இருந்தன. கவிழ்த்துப் பார்த்தால் ஒன்றில் ஸ்வீடன் முத்திரை, இன்னொன்றில் ஜப்பான், மற்றொன்றில் செக்கோஸ்லோவாகியா. அந்தப் பெயரில் இன்று நாடே இல்லை. 1993-இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தூக்கு மட்டும் மூடியோடு பத்திரமாக இருக்கிறது!

மங்குக்குப் புளியால் கெடுதல் இல்லை. ஊறுகாயோ மோரோ வைத்தால் களிம்பேறாது. ஆனால் கீழே போட்டால் பூச்சு தெறித்து, அந்த இடத்தில் துருப் பிடிக்கும். அதனால்தான் பழைய மங்குகளில் விளிம்பிலே கறுப்பு மச்சம் இருக்கிறது.

அடுத்தாற்போல் பர்மா அரக்குப் பெட்டிகள். மூங்கில் பிளாச்சில் கூடை பின்னி, மரப்பிசினை அடுக்கடுக்காகப் பூசி, உலர்த்தி, கீறிச் சித்திரம் எழுதியவை. கையில் எடுத்தால் காகிதம் போல் லேசு. மூன்று ஆண்டுத் தவணை முடித்துத் திரும்புகிறவர் மனைவிக்குக் கொண்டுவந்த பொருள்களில் இதுவும் ஒன்று. ஒரு பெட்டிக்குள் நாத்தனார் மூக்கை வைத்துப் பார்த்து, "இன்னும் பாக்கு வாசனை வருகிறது அண்ணி" என்றார். எனக்கு அரக்கு வாசனைதான் வந்தது.

சுவரில் ரவி வர்மா படங்கள். அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்த பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் புறப்பட்டு வந்தார்கள் அல்லவா? இங்கே உள்ள படங்களில் ஒரு விசேஷம்: அச்சடித்த படத்தின் மேல், லட்சுமியின் புடவைக்குச் சரிகையும் துணியும் வைத்து, நகைக்கு மணியும் சமிக்கியும் கோத்துத் தைத்திருக்கிறார்கள். படத்தை அடித்தவர் பெயர் அடியில் இருக்கிறது. தைத்த கையின் பெயர் எதிலும் இல்லை.

தராசில் ஏறியவை

நாங்கள் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வெளியூரில் வேலை பார்ப்பவர் போன்ற ஒருவர் இறங்கி, இரண்டு கோணி மூட்டைகளை இறக்கிவைத்தார். பின்னாலேயே வெள்ளைப் புடவையில் ஓர் ஆச்சி, எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, கையை ஊன்றித் திண்ணையில் ஏறினார்.

"வாங்க ஆச்சி" என்று கடைக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். ஆச்சி உட்காரவில்லை. மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

கடைப் பையன் மூட்டையை அவிழ்த்துத் தராசில் வைக்கப் போனான். "இரு தம்பி" என்றார் ஆச்சி. ஒவ்வொன்றாகத் தம் கையில் வாங்கினார். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கொடுத்தார்.

"இது எங்க மாமியாருக்கு அவுக அப்பச்சி குடுத்தது. இதுலதான் அவுக இட்டலி மாவு கரைப்பாக... இது சின்ன மாமியாரோடது. புள்ளை இல்லை அவுகளுக்கு. எங்க புள்ளைகளைத்தான் தூக்கிக்கிட்டுத் திரிவாக... இது என்னோடது. எங்க ஆத்தா பாத்துப் பாத்து வாங்குனாக."

முதலில் மகனுக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டே, "நேரமாகுது ஆத்தா" என்றார். கடைக்காரர் அவரைப் பார்த்து, "இருக்கட்டும், ஆச்சி பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நான்கைந்து பாத்திரம் போனபின் மகனே கேட்கத் தொடங்கிவிட்டார். "சின்னாயா பேரு இதுல இருக்கா? எங்க, காட்டுங்க." அவர் செல்போன் இப்போது வேறு வேலை செய்தது. ஆச்சி சொல்லச் சொல்ல ஒவ்வோர் எழுத்தையும் படம் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது மூட்டையின் அடியில் ஒரு சிறு பித்தளைச் சங்கு கிடந்தது. குழந்தைக்குப் பால் புகட்டுவது. ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டு எழுத்து இருந்தது. அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் யாருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. "எங்க மாமியாருக்கும் முந்தி இருக்கும். அவுகளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாக."

கடைப் பையன் கை நீட்டினான். ஆச்சி கொடுக்கவில்லை.

"இதை மட்டும் வச்சுக்கிறேன் தம்பி."

"ஆத்தா, நல்ல நல்ல குண்டானெல்லாம் குடுத்துட்டு இந்தச் சங்கா?" என்றார் மகன்.

"அதெல்லாம் யாருதுன்னு உனக்குச் சொல்லிட்டேன்ல. இது யாருதுன்னு சொல்ல ஆளில்லை. அவுகளை எடைக்குப் போட எனக்கு மனசு வரலை."

யாரும் பேசவில்லை. கடைக்காரர் சங்கை ஒரு காகிதத்தில் சுற்றி ஆச்சி கையில் கொடுத்தார். என் நாத்தனார் அன்று முதல் தடவையாக ஒரு கடையில் வாய் திறவாமல் நின்றார்.

கடைக்காரரின் கணக்கு

அவர்கள் போன பிறகு கடைக்காரரிடம் கேட்டேன்: "இப்படித் தினமும் பார்க்க உங்களுக்குச் சங்கடமாக இல்லையா?"

"நாங்க வாங்காட்டி உருக்குறவன் வாங்கிக்கிட்டுப் போவானுங்கம்மா. எங்ககிட்ட வந்தா உருவம் மிஞ்சும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டின் கதையையும் அவரே விளக்கினார். ஒரு வீட்டைக் கட்டியவர் ஒருவர். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். இப்படியே போனால் இன்று ஒரு வளவுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஆண்டுக்கு ஒரு முறை படைப்புக்கோ, கல்யாணத்துக்கோ, சஷ்டியப்த பூர்த்திக்கோ வந்து கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான்.

பூட்டிய வீட்டுக்கு முதல் சத்துரு மழை. நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து மாற்றி வேயவேண்டும். ஓர் ஓடு நகர்ந்தால் போதும். தண்ணீர் உத்தரத்தில் இறங்கும், கறையான் ஏறும். செலவைப் பகிர்ந்துகொள்ள முப்பது பேரும் ஒத்துக்கொள்வதற்குள் கூரை முந்திக்கொள்ளும். கடைசியில் பங்கு பிரிக்கச் சுலபமான வழி, வீட்டை இடித்துச் சாமானாக விற்றுக் காசாகப் பிரிப்பதுதான் என்று ஆகிவிடுகிறது. அப்புறம் தூண் படுத்துக்கொள்கிறது.

எல்லா வீடுகளுக்கும் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பங்காளிகள் ஒற்றுமையாக இருந்து காப்பாற்றும் வீடுகளும் உண்டு. தங்கும் விடுதிகளாக மாறிப் பிழைத்துக்கொண்டவையும் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். காரைக்குடி வரை போக முடியாதவர்கள் குழந்தைகளோடு அங்கே போய்ப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் சேர்ந்தன. பட்டியலில் பெயர் இருப்பதால் ஓடு தானாக மாறிக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

வாங்கப் போகிறவர்களுக்கு

இத்தனை படித்துவிட்டு, "நாமும் ஒரு நடை போய்வரலாமே" என்று உங்களுக்குத் தோன்றினால் சில யோசனைகள்.

தட்டிப் பாருங்கள். நல்ல வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும். ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது அது. கீழே விழுந்தால் விரியும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, ஒலி மட்டு, விழுந்தால் நசுங்கும். விரிசல் விட்ட வெண்கலம் 'டப்' என்று சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடும்.

பழமைக்கு அடையாளம் அழுக்கு அல்ல. புதுப் பாத்திரத்தைப் புளியும் அமிலமும் போட்டுக் கறுக்க வைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. கை படும் இடத்தைப் பாருங்கள். பல காலம் புழங்கிய பாத்திரத்தில் பிடியும் விளிம்பும் மழுங்கியிருக்கும்; அடிப்பாகம் தேய்ந்திருக்கும்; வெட்டிய எழுத்தின் கூர்மையும் குறைந்திருக்கும். எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சமைக்க உத்தேசம் இருந்தால் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே புதிதாக ஈயம் பூசிக்கொள்ளாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். புளியும் தக்காளியும் பித்தளையோடு சேர்ந்தால் களிம்பு ஏறும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் அது உடம்புக்கு விஷம். ரசத்துக்கென்று ஈயச் சொம்பு வாங்கினாலும் இதே ஜாக்கிரதை தேவை. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் வையுங்கள். வெறும் சொம்பை வைத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இராது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972-இல் இயற்றி 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு ஆசையாக அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். கல், உலோகச் சிற்பங்கள், பழைய ஓவியங்கள் முதலியவற்றைப் பதிவு செய்யவும் வேண்டும்.

சாமி விக்கிரகம் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். நாங்கள் இருந்தபோதே ஒருவர் மெல்லிய குரலில் கேட்டார். "அதெல்லாம் இங்கே கிடையாதுங்க" என்று கடைக்காரர் உரக்கவே பதில் சொன்னார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பெரிய கலைக்கூடத்துக்கே அந்தப் பாடு என்றால் நமக்கு ஏன் வம்பு?

கடைசியாக ஒன்று: வாங்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் அதைத் தேய்த்து அழிக்காதீர்கள். சில பேர் பிறர் வீட்டுப் பெயர் நம் வீட்டில் எதற்கு என்று மெருகு போடச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எழுத்து இருந்தால்தான் அது ஒருவர் புழங்கிய பாத்திரம்.

என் நாத்தனார் ஒரு மர அஞ்சறைப் பெட்டி வாங்கினார். வழக்கமான பேரம் நடக்கவில்லை. கடைக்காரர் சொன்ன விலையில் ஐம்பது ரூபாய்தான் குறைத்தார்; அதுவும் பழக்க தோஷத்தால்.

"பெயர் வெட்டணுமா?"

காரைக்குடிக்குப் போவதும் போகாததும் உங்கள் சௌகரியம். நம் வீட்டுப் பரணுக்கு ஏறுவதற்கு ரயில் வேண்டியதில்லை.

பொங்கலுக்கு முன்பு வீட்டை ஒழிக்கும்போது, மூட்டை கட்டுவதற்கு முன்னால் வீட்டில் வயதில் மூத்த பெண்மணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரோ, தாயாரோ, பெரியம்மாவோ யாராக இருந்தாலும் சரி. ஒவ்வொரு பாத்திரத்தையும் அவர் கையில் கொடுத்து, "இது யாருடையது?" என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொண்டால் போதும்: எழுத்து என்ன, யாருடைய பெயர், அதில் என்ன செய்தார்கள். "உழக்கு, பெரிய அத்தை, தினமும் காலையில் பால் அளந்தது" என்று ஒரு வரி. பள்ளிக்கூடம் போகும் குழந்தையை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. உழக்கு என்றால் இரண்டு ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதையும் அது போகிற போக்கில் கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு அறை வீட்டில் அண்டாவுக்கு எங்கே போவது? கேட்டு எழுதிக்கொண்ட பிறகு கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். கேட்காமல் கொடுத்துவிட்டால், பின்னால் கேட்க நினைக்கும்போது சொல்கிறவர் இருக்கமாட்டார்.

இன்னும் ஒரு சிறு காரியம். இன்றைக்கும் எவர்சில்வர் கடையில் பில் போடும்போது, "பெயர் வெட்டணுமா?" என்று கேட்கிறார்கள். உளியும் சுத்தியலும் போய் மின்சார ஊசி வந்துவிட்டது. 'கிர்' என்று அரை நிமிஷத்தில் எழுதித் தந்துவிடுவார்கள். நம்மில் பலர் அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். சொன்னாலும் வீட்டுக்காரரின் தலைப்பெழுத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அடுத்த முறை கேட்டால், "வெட்டுங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் பெயரை முழுதாகச் சொல்லி, வருஷத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். இரண்டே எழுத்தோடு விட்டுவிடாதீர்கள். பின்னொரு நாள் யாரோ ஒருத்தி அந்தக் குண்டானை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.